ஆமீன் சொன்ன கூட்டம்

கூட்டம் தொடங்கும் முன்பே தும்பெங்கைத் தூக்கிக்கொண்டு வந்து நடுமேசையில் வைத்துவிட்டார்கள். மஞ்சள் சோற்றுக் கோபுரம், சுற்றிலும் பொரித்த கோழி, சோயாவில் செய்த தெம்பே, அவித்த முட்டை, உச்சியில் பூ மாதிரி கீறிய சிவப்பு மிளகாய். வந்திருந்த சங்கத்தார் எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். வீடு கட்டி முடித்தால் தும்பெங் வைப்போம், பிள்ளை பாஸானால் வைப்போம். கருத்துக் கேட்கிறோம் என்று கூப்பிட்ட இடத்தில், ஒருவர்கூட வாயைத் திறக்கும் முன், என்ன நல்லபடியாக முடிந்துவிட்டது என்று இந்த நன்றிச் சோறு?

"டாடான், இது எனக்குச் சரியாப் படல. முடிவு பண்ணிட்டுத்தான் நம்மள கூப்பிட்டிருக்காங்க."

டாடான் எங்கள் சங்கத்தில் இளையவன், பக்கத்துத் தெருவில் தறிப்பட்டறை வைத்திருக்கிறான். "விடியறதுக்கு முன்னாடி கெளம்பி ஜகார்த்தா வந்திருக்கோம், பசி உயிர் போகுது. சோத்தப் பாத்தாக்கூட சந்தேகமாக்கா ஒனக்கு?" என்றான்.

நாங்கள் மஜாலாயாக்காரர்கள். கைலி நெய்கிற ஊர். இறக்குமதித் துணிக்கு அரசாங்கம் ஒரு தடுப்பு வரி போட்டிருக்கிறது, அந்த வரிதான் எங்களை உயிரோடு வைத்திருக்கிறது. புதிய பொருளாதாரக் கொள்கையில் அதை எடுத்துவிடப் போவதாகப் பேச்சு. எடுத்தால், நாங்கள் நூல் வாங்குகிற விலைக்கு வெளிநாட்டுத் துணி நெய்தே வந்து இறங்கும். என் பட்டறை ஒரு மாதம் தாங்காது. அதை நம்பியிருக்கிற குடும்பங்களை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. வரியை இன்னும் இரண்டு வருடம் விட்டு வையுங்கள், அதற்குள் பழைய தறிகளை மாற்றிக்கொள்கிறோம். அதைச் சொல்ல வேண்டியவர் எங்கள் தலைவர் ஹாஜி ஓமான் சுத்தார்யா. பெரியவர் தொடங்காமல் சின்னவர்கள் வாய் திறப்பது எங்கள் பக்கம் கிடையாது. திறந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. வேனில் வரும்போது ஹாஜியார் அந்த ஒரு வாக்கியத்தைப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வர்த்தக அமைச்சகத்தின் தலைமை இயக்குநர் விராவான் பிரசேத்யோ வந்தார். வெண்ணெய் மாதிரிப் பேச்சு. திரையில் அம்புக்குறிகள் எல்லாம் மேல்நோக்கிப் போயின. துணி மலிந்தால் தையல் ஏற்றுமதி பெருகும், நாடு முன்னேறும் என்றார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஆடை ஏற்றுமதிச் சங்கத்தார் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து சுளுக்கியிருக்கும்.

பிறகு அவரே எழுந்து தும்பெங்கின் உச்சியை வெட்டித் தட்டில் வைத்து, அத்தனை பேரையும் தாண்டி எங்கள் ஹாஜியாரிடம் வந்தார். லேசாகக் குனிந்தார்.

"பாக் ஹாஜி, எங்கப்பா இருந்தா ஒங்க வயசுதான். முதல் தட்டு ஒங்களுக்குத்தான்."

ஹாஜியார் இரண்டு கையாலும் வாங்கினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கேமராக்கள் பளிச் பளிச்சென்று அடித்தன. மனைவி போனபிறகு அவருக்கு யாரும் முதல் தட்டு கொடுத்ததில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

"இப்ப நம்ம பெரியவரே துஆ ஓதி வைக்கட்டும்" என்றார் விராவான்.

துஆ என்கிற பிரார்த்தனை கூட்டத்தின் கடைசியில் வருவது. என்னால் பொறுக்க முடியவில்லை, எழுந்தேவிட்டேன். "ஐயா, நாங்க இன்னும் ஒண்ணுமே பேசலயே?"

அறை அப்படியே என் பக்கம் திரும்பியது. ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி செத்தேன். விராவான் மட்டும் சிரித்தார். "துஆவுக்கு நடுவுல என்ன இபு அவசரம்? ஒக்காருங்க, ஒக்காருங்க."

இபு, அம்மா என்று மரியாதையாகச் சொல்லும்போது என்ன செய்வது, உட்கார்ந்தேன். ஹாஜியார் கைகளை ஏந்தினார். நாட்டுக்காக ஓதினார், அதிகாரிகளின் ஆரோக்கியத்துக்காக ஓதினார். ஒவ்வொன்றுக்கும் ஆமீன், ஆமீன் என்றது கூட்டம். அப்புறம் வேனில் முணுமுணுத்துவந்த அந்த வாக்கியத்துக்கு வந்தார்.

"யா அல்லாஹ், மஜாலாயா தறி நிக்காம ஓடணும். அந்த வரிய இன்னும் ரெண்டு வருஷம் விட்டு வைக்கிற மனச இவங்களுக்குக் குடு."

"ஆமீன்!" என்றது அறை முழுவதும். ஏற்றுமதிக்காரர்கள் சொன்னார்கள், விராவானும் சொன்னார். சின்ன வயதிலிருந்து பழகிய வாய், யோசிக்கவா போகிறது? நானும் அழுதுகொண்டே சொன்னேன். டாடான் என் முழங்கையை இடித்தான். "கெழவன் போட்டான் பாத்தியாக்கா ஒரு போடு! எல்லாரும் ஒத்துக்கிட்டானுங்க!" அந்த நிமிடம் எங்கள் ஊர் பிழைத்துவிட்டது என்றே நம்பினேன்.

துஆ முடிந்தது என்கிற மாதிரி விராவான் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்.

"அருமையான துஆ. கேக்க வேண்டியவன்கிட்ட பாக் ஹாஜி கேட்டுட்டாங்க, இனி அவன் விருப்பம். வந்ததுக்கு ரொம்ப நன்றி. எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும்."

மைக்கை அணைத்துவிட்டார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் அவர் காரில் ஏறிவிட்டார். மூலையில் ஒரு பெண் கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"ஹாஜியார் வரியப் பத்திச் சொன்னத எழுதிட்டியாம்மா?"

"துஆவ எல்லாம் எழுதமாட்டோம் இபு. துஆவோட கூட்டம் முடிஞ்சதுன்னு மட்டும் போடுவோம்."

"அதுக்கு மேல?"

"ஆட்சேபணை தெரிவிச்சவங்க யாருமில்லன்னு போட்டிருக்கேன்." நிமிர்ந்து பார்த்தாள். கெட்ட பெண் இல்லை, குழந்தை முகம். "யாரும் தெரிவிக்கலதான இபு?"

கடவுளிடம் சொன்னதை அரசாங்கத்திடம் சொன்னதாக நினைத்துவிட்டோம். அவர்கள் அப்படி நினைக்கவில்லை.

திரும்பும்போது ஹாஜியாருக்கு ஒரே சந்தோஷம், மகளைக் கூப்பிடுவதுபோல என்னை நெங் என்று கூப்பிட்டார். "பாத்தியா நெங், நீ குறுக்க எந்திரிச்சு மானத்த வாங்கப் பாத்த. ஒருத்தர் மனசும் நோகாம எப்படிச் சொன்னேன்! அந்த அதிகாரியே ஆமீன் சொன்னாரே."

"ஆமா பாக் ஹாஜி" என்றேன். வேறு எதைச் சொல்ல?

கரவாங் தாண்டும்போது, வேனை ஓட்டிக்கொண்டிருந்த டாடானின் போன் அடித்தது. பார்த்தான். முகம் செத்துப்போனது. சத்தமில்லாமல் என்னிடம் நீட்டினான். தட்டை ஏந்தியபடி கண்ணீரோடு ஹாஜியாரின் படம். கீழே செய்தி: வரி நீக்கம், திங்கள் முதல் அமல், நெசவாளர் தலைவர் நெகிழ்ந்து நன்றி.

"அவருகிட்ட காட்டாத" என்று கிசுகிசுத்தேன்.

"ஊரு முழுக்கப் பாத்திருக்கும்க்கா."

அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஊருக்குள் நுழைந்தோம். தெருமுனை திரும்பும்போதே தறிச் சத்தம் காதை அடைக்க வேண்டும். அன்று ஒரு தறியும் ஓடவில்லை. குழந்தை அழுகிற சத்தம் எங்கிருந்தோ கேட்டது. ஹாஜியார் வீட்டு வாசலில் கூட்டம், தெரு கொள்ளாமல். முன்வரிசையில் என் பட்டறையின் கார்சி நின்றாள். நான் கைபிடித்துத் தறி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். என்னைப் பார்த்தும் அவள் முகத்தில் ஓர் அசைவு இல்லை. அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் கையில் கட்டைகள் இருந்தன.

"அடடே, அதுக்குள்ள சேதி தெரிஞ்சு வரவேற்க வந்துட்டாங்களா?" ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தார்.

"டாடான், கதவப் பூட்டு. வண்டியத் திருப்பு" என்றேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னாலும் ஆட்கள் வந்து அடைத்துவிட்டார்கள்.

"எதுக்கு நெங் பயப்படுற? எல்லாம் நம்ம ஆளுங்கதான" என்று சிரித்துக்கொண்டே ஹாஜியார் கதவைத் திறந்தார்.