போறணைக்கு ஒரு யன்னல்

யன்னல் வைக்காமல் வீடு கட்டுகிறவர்களோடு பதினெட்டு வருடம் சண்டை பிடித்தவன் நான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஹெக்டர் என்றால் வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. 'யன்னல் ஹெக்டர்' என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். அறையின் தரையை அளந்து, அதில் ஏழில் ஒரு பங்குக்காவது யன்னல் இல்லையென்றால் பிளானைத் திருப்பி எறிந்துவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கலியாண வீட்டில்கூட என் பக்கத்தில் இருந்து சாப்பிட ஆட்கள் யோசிப்பார்கள்.

அந்த வாயை வைத்துக்கொண்டு அருமைநாயகியின் முன்னால் நான் ஊமையாக நின்றேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை தொடங்கி, ஆமி முகாம் இருந்த பலாலிப் பக்கத்துச் சனம் முழுக்க எழும்பி ஓடி வந்தது. பள்ளிக்கூடம், கோயில் மடம், தேவாலயம் எல்லாம் நிரம்பிவிட்டன. வசாவிளானிலிருந்து வந்த அருமைநாயகியின் குடும்பத்துக்குக் கிடைத்தது முருகேசுவின் தோட்டத்துப் போறணை. புகையிலையைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற அறை அது. புகை வெளியே போகக்கூடாது என்றே கல்லும் சீமேந்துமாகக் கட்டியது. குனிந்து நுழைய ஒரு கதவு. யன்னல் என்ற பேச்சே இல்லை. உள்ளே நின்றால் பழைய புகையிலைக் காரம் கண்ணைப் பிடுங்கும்.

அதற்குள் நாலு பேர்: அருமைநாயகி, அவள் புருஷன் கதிரவேலு, ஐந்து வயது ஜெயமதி, இன்னும் நடக்கத் தொடங்காத சின்னவள். கதிரவேலு இருமிக்கொண்டிருந்தான். சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கசம், அதுதான் காசநோய், என்று வந்தது.

தரைப்பாதை பூட்டியிருந்தது, கப்பல் வந்தால்தான் மருந்து. ஆஸ்பத்திரி விறாந்தையெல்லாம் காயப்பட்டவர்கள் கிடந்தார்கள், இருமுகிறவனுக்கு இடமில்லை. டாக்குத்தர் இரண்டு கிழமைக்குக் குளிசை தந்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஐசே ஹெக்டர், அந்தப் பிள்ளையளுக்கு இப்ப காத்தும் வெளிச்சமும்தான் மருந்து. அதையாவது குடும்."

முருகேசு முதலில் முறுகினார். "சுவரை உடைச்சா அதுக்குப் பிறகு புகை நிக்குமே? திருப்பி அடைக்கச் சீமேந்து எங்கை கிடக்கு? தடையெல்லோ?"

சீமேந்து மட்டுமா, சவர்க்காரத்தைக்கூட அரசாங்கம் உள்ளே விடாமல் தடுத்திருந்த காலம். நான் ஆளைக் கிழிகிழியென்று கிழித்தேன். கடைசியில், "அவை கேட்டா உடைக்கிறன்" என்று இறங்கி வந்தார்.

அவர்கள் கேட்கவில்லை.

"ஏனையா யன்னல்?" என்றாள் அருமைநாயகி. "வாற வெள்ளிக்கிழமை ஆமி எங்களை ஊருக்குள்ளை விடப்போறாங்களாம். நாங்கள் வீட்டை போயிடுவம்."

"ஆர் சொன்னது?"

"ரேடியோவிலை சொன்னதாம்."

பற்றரி இல்லாத ஊரில், சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்கிற காலம். கேட்டது கொஞ்சம், கேட்டதாகச் சொன்னதுதான் அதிகம். அவள் கட்டிக்கொண்டு வந்த மூட்டைகளைக்கூட அவிழ்க்கவில்லை. தேவையானதை மட்டும் கையை விட்டு எடுத்துவிட்டுத் திரும்பவும் இறுக்கிக் கட்டிவிடுவாள்.

"எங்கடை வீட்டிலை எட்டு யன்னல் ஐயா. ஜெயமதி படுக்கிற அறையிலை மட்டும் ரெண்டு. அங்கை போனா எல்லாருக்கும் சுகம் வந்திடும்."

எனக்கு விளங்கியது. யன்னல் வைத்தால் இங்கேயே இருக்கப்போகிறோம் என்று ஆகிவிடும். அதை அவளால் தாங்க முடியாது. எனக்கு விளங்கியதுதான் பிழையாய்ப் போனது. பையில், சட்டப்படி கட்டளை எழுதிக் கொடுக்கிற நோட்டீஸ் புத்தகம் இருந்தது. எழுதிக் கையெழுத்து வைத்திருந்தால் முருகேசு அன்றைக்கே உடைத்திருப்பார். "சரி, வெள்ளி வரைக்கும் பாப்பம். பிள்ளையளை வெளியிலை வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

வெளியில் வைத்திருக்க, மேலே சுற்றிச் சுடுகிற ஆமி ஹெலி விடவில்லை. சத்தம் கேட்டதும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். குளிசையும் முடிந்தது.

வெள்ளி வந்தது. ஒருவரும் போகவில்லை. அடுத்த வெள்ளி என்றாள், நானும் ஓம் என்றேன். அப்படியே ஐப்பசி மழையும் வந்து, கதவு பகலிலும் மூடிக் கிடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: சட்டத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நானும் அவளோடு சேர்ந்து அந்த வெள்ளிக்கிழமையை நம்பினேன்.

ஜெயமதிக்குக் காய்ச்சல் தொடங்கியது. தலையிடிக்குது என்று அழுதாளாம். பிறகு கழுத்து விறைத்துவிட்டது. தாயைச் சைக்கிள் கரியரில் ஏற்றி, அவள் மடியில் பிள்ளையைக் கிடத்தி, நான்தான் ஆஸ்பத்திரிக்கு உழக்கினேன். கசம் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்குத்தர். யன்னல் என்ன ஆயிற்று என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டு ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் பிள்ளை செத்துப்போனது.

செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள் பின்னேரம், நோட்டீசை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பிந்திப் போய் எழுதி என்ன பிரயோசனம் என்று என்னையே ஏசிக்கொண்டு போனேன். ஆனாலும் சின்னவள் இருக்கிறாளே. ஒழுங்கையில் திரும்பும்போதே இடிக்கிற சத்தம் கேட்டது.

அருமைநாயகி அலவாங்கால் சுவரை இடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் மாமரத்தின் கீழே சாக்கில் இருந்தாள். முருகேசு பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தார். "நான் உடைக்கிறன் எண்டு கேட்டன், விடுறாளில்லை," என்றார்.

அவளுடைய உள்ளங்கை உரிந்து இரத்தம் கசிந்தது. நான் அலவாங்கைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொண்டாள்.

"விடுங்கோ ஐயா. நான்தானே வேண்டாம் எண்டனான். நானே உடைக்கிறன்."

ஒரு கல் பெயர்ந்து உள்ளே விழுந்தது. அந்த ஓட்டையால் மேற்கு வெயில் போய், பாயில் கிடந்த கதிரவேலுவின் முகத்தில் பட்டது. நாட்கணக்காகக் காய்ச்சலில் கிடந்த மனுசன். பிள்ளை போனது தெரியுமோ என்றே எனக்குச் சந்தேகம். கையால் கண்ணை மறைத்துக்கொண்டு கேட்டான்.

"நாயகி, வீட்டை வந்திட்டமோ?"

அவள் அலவாங்கை நிலத்தில் ஊன்றினாள்.

"ஓம்," என்றாள். "வந்திட்டம்."

பிறகு அடுத்த கல்லை இடித்தாள்.