தொண்ணூறுக்குப் பதில் இருபது

தையல் கூடத்தின் மூலையில், சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டிக்கு அடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள் தங்கை. தொழிற்சாலையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள வெளியிலிருந்து வருபவள் அவள். அக்காவோ அதே கூடத்தில் சட்டைக்குக் கை தைப்பவள். வேலை நேரத்தில் இருவரும் கண்ணால் மட்டும்தான் பேசிக்கொள்வார்கள்.

அன்றைய வேலை சின்னதுதான். மாடியில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், கீழே இந்தப் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச், நடுவே ஒரே கேபிள். அலுவலகம், கூட்ட அறை மைக், கூடத்து ஸ்பீக்கர் எல்லாம் அதன் வழியேதான். கலந்துவிடாமலிருக்க ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் உண்டு. எந்தப் பிரிவு எண் ஒட்டாமல் போகும், எண் ஒட்டாமல் வருவதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று சொல்வதுதான் நேட்டிவ் விலான் என்ற அமைப்பு. இரு முனையிலும் யாருக்கும் ஒதுக்காத தொண்ணூறை வைக்க வேண்டும். மாடி சுவிட்சை முதலில் மாற்றினாள். கண் ஒரு வரி தவறியது. கை இருபது என்று தட்டிவிட்டது. இருபது கூட்ட அறையின் எண்.

தலைக்கு மேலே ஸ்பீக்கர் கரகரத்தது. சாப்பாட்டு மணியையும் சூப்பர்வைசரின் வசவையும் தவிர வேறெதையும் அறியாத ஸ்பீக்கர் அது.

"தையல் பிரிவை அடுத்த மாசத்தோட மூடிடுவோம்" என்றது முதலாளியின் குரல். "இப்போ யாரும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா கையிலிருக்கிற ஆர்டர் முடியாது."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தங்கைக்குப் புரிந்துவிட்டது. மேலே எண்ணில்லாமல் கிளம்பிய பேச்சு, இன்னும் மாற்றாத கீழ் சுவிட்சின் பழைய எண்ணால் ஸ்பீக்கர் பிரிவில் வந்து விழுகிறது. திருத்தக் கையை நீட்டினாள். அதற்குள் அக்கா வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ செஞ்சதாடி?"

"தெரியாம செஞ்சிட்டேன்க்கா."

"அப்படியே விடு. முழுசா கேக்கட்டும்."

சூப்பர்வைசர் மாடிக்கு விழுந்தடித்து ஓடினார். அவர் போய்ச் சேர்ந்ததையும் ஸ்பீக்கரே சொன்னது. "ஐயா, நீங்க பேசறதெல்லாம் கீழ கேக்குதுங்க."

"எது?"

"எல்லாமேங்க."

நாற்காலி நகர்ந்தது. யாரோ எச்சில் விழுங்கியது கூடம் முழுக்கக் கேட்டது.

முதலாளி இறங்கி வந்தார்.

"யார் வேலை இது?"

"நான்தான் ஐயா. நம்பரைத் தப்பாப் போட்டுட்டேன்" என்றாள் தங்கை.

"அவ போட்டது தப்பு" என்றாள் அக்கா. "நீங்க சொன்னது நிஜமா பொய்யா, அதைச் சொல்லுங்க."

அவர் நின்றுபோன மெஷின்களைப் பார்த்தார். "நிஜம்தான்."

ஒருத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள், மூடும் தேதியையும், யாருக்கு என்ன சேர வேண்டும் என்பதையும் எழுதித் தந்தால்தான் மெஷின் ஓடும் என்றார்கள். சாயங்காலத்துக்குள் முதலாளி எழுதித் தந்தார். தங்கையிடம் மட்டும், இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார். அவள் இரு முனையிலும் தொண்ணூறை வைத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.

இருவரும் சேர்ந்தே வீடு திரும்பினார்கள்.

"என் வேலை போறதை உன் அத்தான்கிட்ட நீயே சொல்லிடுடி" என்றாள் அக்கா, தெருமுனையில். "எனக்கு வாய் வராது."