தெற்குக் கோல் முன்னால் ஒரு வழுக்கை

என் கணவர் கோவிந்தராஜன் கட்டடங்களுக்குக் கணக்குப் போடும் எஞ்சினியர். நான் புல் படித்தவள். கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் ஆரம்பித்து மொன்ட்ரியாலில் டாக்டர் பட்டம் வாங்கும் வரை புல்லைத்தான் படித்தேன் என்றால் ஊரில் இன்னும் சிரிக்கிறார்கள். மாடு மேய்க்கவா இவ்வளவு படிப்பு என்று கேட்ட மாமாக்களும் உண்டு. 1972-ல் நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்க்க நேர்ந்தது. மொன்ட்ரியாலின் ஒரு ஓரத்தில், லாசாலில் புதிதாக எழும்பிய கால்பந்து மைதானம் அது. மேலே இருந்த கூரை அவருடையது, கீழே இருந்த புல் என்னுடையது. ஒரு சமையலறைக்குள்ளேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது. இதில் மைதானம் வேறு.

அப்போது இந்த ஊருக்கே ஸ்டேடியம் பைத்தியம் பிடித்திருந்தது. எக்ஸ்போ என்ற உலகக் கண்காட்சி முடிந்து ஐந்து வருஷம், ஒலிம்பிக்ஸ் வர இன்னும் நாலு வருஷம். எங்கே திரும்பினாலும் கிரேன். தரை ஓடு விற்றுச் சம்பாதித்த கார்லூச்சி என்ற இத்தாலியர், தன் பங்குக்கு ஒரு கால்பந்து அணியை ஆரம்பித்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிற நிஜமான அணி. பெயர் எத்வால், பிரெஞ்சில் நட்சத்திரம். ஹாக்கியைத் தவிர இன்னொரு விளையாட்டு இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஊரில் இது எடுபடுமா என்று அவருடைய மனைவியே சந்தேகப்பட்டாராம்.

புல்லுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று கார்லூச்சி பல்கலைக்கழகத்தைக் கேட்டார். அவர்கள் என்னை அனுப்பினார்கள். புடவைக்கு மேலே கோட்டும் காலில் ரப்பர் பூட்ஸுமாகப் போய் நின்ற என்னைப் பார்த்து, "நிபுணர் எப்போது வருவார்?" என்று அணியின் மானேஜர் கேட்டார். "வந்து கால் மணி நேரம் ஆகிறது" என்றேன். கார்லூச்சி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு வேலை கிடைத்தது. ஆனால் மானேஜர் சிரிக்கவில்லை. முதல் சீசன் முழுக்க என்னைத் தவறு செய்ய விட்டுப் பிடிக்கலாம் என்று காத்திருந்த மனுஷன் அவர்.

ஏப்ரல் கடைசியில் பனி உருகி முடிந்தது. மைதானம் முழுக்கப் பச்சை தட்டியது, ஒரு இடத்தைத் தவிர. தெற்குக் கோல் கம்பத்துக்கு முன்னால் ஒரு பெரிய வழுக்கை. சீக்கிரம் முளைக்கிற ரகமாகப் பார்த்து விதை போட்டேன். முளைத்தது, வெளுத்தது, படுத்துக்கொண்டது. மறுபடி போட்டேன். அதே கதைதான்.

லீக்கிலிருந்து மைதானத்தைச் சோதிக்க மக்ஃபார்லன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். வழுக்கையின் நடுவில் நின்று பூட்ஸால் ஒரு உதை விட்டார். மண் பறந்தது.

"மூன்று வாரம் கழித்து மறுபடி வருகிறேன். இது இப்படியே இருந்தால் உங்கள் முதல் ஆட்டம் டொரொன்டோவில்" என்றார்.

டொரொன்டோ எங்களுக்குப் போட்டி ஊர், மொன்ட்ரியாலில் ஒரு மனுஷனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. கார்லூச்சிக்கு முகம் செத்துவிட்டது. மானேஜர் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். ஆட்டம் டொரொன்டோவுக்குப் போனால் என் வேலையும் அதோடு போய்விடும் என்று அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம்.

எனக்குக் காரணம் தெரியும். தெற்குப் பக்கத்து இருக்கைகளுக்கு மேலே என் கணவர் போட்ட கூரை. அது வெயிலை மறிக்கிறது. அன்று சாயங்காலமே வீட்டில் பேச்சை எடுத்தேன்.

"என்னங்க, உங்க கூரை நிழல் என் புல்லு மேல விழுது."

"விழாது."

"நான் கண்ணால பாத்தேங்க."

"நான் கணக்குப் போட்டிருக்கேன், அனு. ஜூன் மாசம் உச்சி வெயிலுக்கு நிழல் கோல் கோடு வரைக்கும்கூட வராது. டிராயிங் வேணும்னா காட்டறேன்."

"புல்லு ஜூன்லயா முளைக்குது? இப்ப முளைக்கணும். இப்ப சூரியன் தாழ்வா இல்ல போகுது?"

"விதையில கோளாறு இருக்கும். மண்ணைப் பாரு."

என் விதையைச் சொன்னதும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! அந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்கும் நடுவில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. உப்பு எங்கே, சாவி எங்கே, அவ்வளவுதான். மனுஷர் நல்லவர். தப்பு என்று ஒன்று தன் பக்கம் இருக்கலாம் என்பது மட்டும் அவருக்கு எட்டவே எட்டாது. பிடித்த பிடி பிடித்தபடி நிற்பார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் பரீட்சைத் தாள் திருத்தப் பல்கலைக்கழகம் போய்விட்டேன். இவர் நண்பர் ரகுநாதனோடு மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னார். ரகுநாதன் இதய டாக்டர், எங்களைவிட நாலைந்து வயது சிறியவர், சுத்த சைவம். அவர் எதற்கு மீன் பிடிக்கப் போகிறார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கோபத்தில் எனக்கு எதுவும் ஓடவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை. வகுப்புக்குப் போகிற வழியில் மைதானத்து வாசலில் காரை ஒரு நிமிஷம் நிறுத்தி எட்டிப் பார்த்தேன். தெற்குக் கோல் முன்னால் பச்சை! பளபளவென்று, பாய் விரித்த மாதிரிப் பச்சை. நேரமில்லை, கிட்டே போய்ப் பார்க்கவில்லை. பல்கலைக்கழகம் போனதும் முதல் வேலையாகக் கார்லூச்சிக்குப் போன் போட்டேன்.

"வந்துவிட்டது! முளைத்துவிட்டது!"

மறுமுனையில் அவர் இத்தாலிய மொழியில் மாதாவைக் கூப்பிட்டார். மானேஜரையும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வகுப்பில் பையன்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன்.

சாயங்காலம் அந்தச் சந்தோஷத்தில், கோபத்தையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, என் கணவருக்குப் பிடித்த வெண்டைக்காய் சாம்பார் வைத்தேன். தாளிக்கலாம் என்று கடுகு டப்பாவைத் திறந்தால் டப்பா காலி. டொரொன்டோவிலிருந்து வாங்கி வந்து ஒரு வருஷத்துக்கு என்று வைத்திருந்த கடுகு. கவிழ்த்துத் தட்டினேன். ஒரு மணி கூட விழவில்லை.

"என்னங்க, கடுகு எங்க?"

ஹாலில் அவர் கையிலிருந்த பேப்பர் கொஞ்சம் உயர்ந்தது. ரகுநாதனுக்குப் போன் செய்து கொஞ்சம் கடுகு கேட்டேன்.

"எங்க வீட்லயும் தீர்ந்துபோச்சு அண்ணி" என்றார். பிறகு நான் எதுவும் கேட்காமலேயே, "நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் மைதானத்துக்கு ஓடினேன். என் கணவரும் கூடவே வந்தார். மண்டியிட்டுப் பார்த்தேன். புல்லுக்கு முதலில் வருவது ஊசி மாதிரி ஒற்றை இலை. இங்கே ஒவ்வொரு தண்டின் மேலும் இரண்டிரண்டு இலை, இதய வடிவத்தில். கடுகு. நவராத்திரி கொலுவில் தாம்பாளத்தில் மண் பரப்பி, கடுகு தூவி, பார்க் என்று குழந்தைகள் பொம்மை நிறுத்துமே, அதே பார்க். கனடாவின் தொழில்முறை லீக் மைதானத்தில்.

"கொலுவுக்கு நீ போடற பார்க் நாலே நாள்ல முளைக்குமே, அதான்..." என்றார்.

"இருபத்திரண்டு பேரு பூட்ஸு போட்டு ஓடற இடத்துலயா கொலு வெப்பீங்க? நான் கார்லூச்சிகிட்ட முளைச்சிடுச்சுன்னு சொல்லிட்டேன்! இதை அந்த ஸ்காட்லாந்துக்காரர் பாத்தா என்னை டாக்டர்னு இனிமே யாருங்க கூப்பிடுவாங்க?"

"உன் மூஞ்சி ஒரு மாசமா வாடியே இருந்துது, அனு. எனக்குத் தாங்கல. பச்சையா எதாவது தெரிஞ்சா சிரிப்பேன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கீழேயே குனிந்திருந்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

கடுகு நேராக நிற்கவில்லை. வழுக்கையின் மேல் முளைத்தது அத்தனையும் நெடுநெடுவென்று வெளுத்து, கூரைக்கு முதுகைக் காட்டி, மைதானத்தின் நடுப்பக்கம் சாய்ந்து கிடந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் குட்டையாக, கரும்பச்சையாக, நிமிர்ந்து நின்றது. சாய்ந்ததற்கும் நிமிர்ந்ததற்கும் நடுவில் கயிறு பிடித்துப் போட்ட மாதிரி ஒரு கோடு. விதை போட்டது அவர். தண்ணீர் எல்லா இடத்துக்கும் ஒன்றுதான். மண்ணும் ஒன்றுதான்.

"இந்தக் கோட்டுல வந்து நில்லுங்க" என்றேன். நின்றார். "இப்ப மேல பாருங்க."

நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு நேர் தெற்கே அவருடைய கூரையின் கடைசித் தகடு முடிகிற விளிம்பு. அதற்கப்பால் திறந்த வானம். கீழே பார்த்தார், மேலே பார்த்தார். கோட்டோடு நடந்துபோனார், திரும்பி வந்தார். குனிந்து ஒரு கடுகுச் செடியைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். என் வார்த்தையை நம்பாத மனுஷர், தன் கையால் தூவிய கடுகை நம்பாமல் என்ன செய்வார்?

"எத்தனை தகடு எடுக்கணும்?" என்றார்.

"கோலுக்கு நேரா இருக்கறது மட்டும் போதுங்க."

அன்றே கார்லூச்சியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முளைத்தது புல் இல்லை என்றேன். மானேஜரின் முகம் மலர்ந்தது. கார்லூச்சி மட்டும், "ஓடு சரியில்லாவிட்டால் நான் வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். கூரைத் தகட்டைப் பெயர்த்துவிடுங்கள்" என்றார். மறுநாள் ஆட்கள் கூரையில் ஏறினார்கள். இவரும் கோட்டு சூட்டோடு ஏறி நின்று, எந்தத் தகடு என்று கையைக் காட்டினார். தான் வரைந்ததைத் தானே பிரிப்பது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடுகை ஒவ்வொன்றாகக் கையால்தான் பிடுங்க வேண்டியிருந்தது. நடுவில் படுத்துக் கிடந்த என் புல் நசுங்கக் கூடாதே. இவரையும் ரகுநாதனையும் உட்கார வைத்துப் பிடுங்க விட்டேன். இரண்டு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். பிடுங்கிய கீரையைப் பருப்புப் போட்டுக் கூட்டு வைத்து, கார்லூச்சி வீட்டுக்கும் ஒரு பாத்திரம் அனுப்பினேன். நன்றாக இருந்ததாம், ஆனால் பூண்டு போதவில்லையாம்.

வெயில் விழுந்ததும் புல் எழுந்தது. அதைப் பார்க்கத் தினமும் போனேன். ஒரு நாள் மெல்லிய மயிர் மாதிரி, இன்னொரு நாள் துலக்கிய பித்தளை மாதிரி, அப்புறம் நிஜமான பச்சை. மக்ஃபார்லன் வந்தார். அதே இடத்தில் அதே உதை விட்டார். மண் பறக்கவில்லை. இன்னொரு உதை. பிறகு என் பக்கம் திரும்பித் தொப்பியைத் தூக்கினார். "நிபுணர் அம்மாவுக்கு வணக்கம்" என்றார். மானேஜர் பக்கத்தில்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். இத்தாலியர், போர்த்துகீசியர், கிரேக்கர், பிரெஞ்சுக்காரர் என்று கூட்டம் நெருக்கியடித்தது. நம் ஆட்கள் பத்துக் குடும்பம், புளியோதரை டப்பாக்களோடு. கூட்டம் உட்கார்ந்ததுதான் தாமதம், மழை பிடித்துக்கொண்டது. தெற்குப் பக்கம் எல்லோரும் சௌகரியமாகக் கூரைக்குக் கீழே இருந்தார்கள், தகடு எடுத்த அந்தச் சில வரிசைகளைத் தவிர. அங்கே யாரும் சந்தோஷமாக உட்காரப் போவதில்லை என்று தெரிந்தே இவர் தனக்கு அங்கே டிக்கெட் வாங்கியிருந்தார். நான் அணியின் ஆட்களோடு கீழே, கூரையுள்ள பெஞ்சில் இருந்தேன்.

இடைவேளையில் அவருக்குக் குடை கொடுக்கலாம் என்று படியேறினேன். சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் ஒரு பெரியவர், செய்தித்தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சில் ஊரையே திட்டிக்கொண்டிருந்தார். எந்த மடையன் இங்கே கூரை போடாமல் விட்டது என்று கேட்டார். இவர் எழுந்து திரும்பினார். நான் நின்றதைப் பார்க்கவில்லை.

"ஸே முவா, மிஸ்யூ" என்றார். நான்தான் ஐயா என்று. பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில், கையால் வானத்தையும் தரையையும் மாறி மாறிக் காட்டி, தன் கணக்கு தப்பு என்றும், கீழே இருப்பது தன் மனைவியின் புல் என்றும், அதற்கு வெயில் வேண்டும் என்றும் விளக்கினார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். தப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அதுவும் ஊர் பேர் தெரியாத ஒருவரிடம், சரியாகத் தெரியாத ஒரு மொழியில். எனக்கு அவர் மேல் அப்படியொரு ஆசை பொங்கியது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பெரியவர் கீழே எட்டிப் பார்த்தார். "நல்ல புல்தான்" என்று முணுமுணுத்துவிட்டுத் தன் செய்தித்தாளில் பாதியைக் கிழித்து இவரிடம் நீட்டினார்.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். குடையை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். விரிக்கவில்லை. இரண்டாம் பாதி ஆரம்பித்தது. தெற்குக் கோலுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். கோல்கீப்பர் ஒரு பாய்ச்சல் பாய்ந்து வழுக்கி எழுந்தார். மஞ்சள் சட்டை முழுக்கப் பச்சைக் கறை. சேறு இல்லை.

"புல்லு பெயரல!" என்றார் இவர், என் கையைப் பிடித்துக்கொண்டு. "அனு, ஒரு துளி பெயரல!"

மைதானமே எழுந்து கத்தியது. பின்னால் இருந்த பெரியவர் எங்கள் இரண்டு பேர் முதுகிலும் ஓங்கி அறைந்தார். திரும்பி, என்ன ஆயிற்று என்று அவரிடம் கேட்டேன். கோல் விழுந்துவிட்டதாம்.