வெயில் மட்டும் சாப்பிடுகிறவர்

படம் மொத்தமே பதினாலு நிமிஷம்தான். வேற்றுக்கிரகத்திலிருந்து ஒருவர் சோமனூரில் வந்து இறங்குகிறார். பூமியைப் பிடிக்க வரவில்லை கண்ணுகளா, வாடகைக்கு வீடு தேடி வருகிறார். கதை அவ்வளவுதான்.

எழுதியவன் ஆஸிம். கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டுக்காரன், சோமனூரில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற கடையில் வேலை. குடியிருக்கிற வீட்டை இடிக்கப் போகிறார்கள். மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அவனும் மனைவி நிதாவும் மாறி மாறி ஒன்பது வீடு பார்த்தாகிவிட்டது. ஒன்பதிலும் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பேரைக் கேட்டார்கள். பேரைக் கேட்ட பிறகு, "இப்பத்தானுங்க வேற ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டோம். அவங்க வேண்டாம்னா சொல்லி உடறோமுங்க" என்றார்கள். யாரும் சொல்லி விடவில்லை. சண்டை போடவும் வழியில்லாமல் போனதால் அவன் கதை எழுத உட்கார்ந்தான்.

இயக்குநர், அதே கடையில் வேலை பார்க்கும் மௌனிகா. "எங்க பெத்தம்மா ஊட்டு மாடி காலியாத்தான் கெடக்குது, அங்கயே எடுத்துக்கலாம்" என்றாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு. பெத்தம்மா என்றால் பெரியம்மா. ஞாயிற்றுக்கிழமை என்றால் பக்கத்துத் தறிக்குடோன் ஓடாது, சத்தம் இருக்காது என்று நாளும் குறித்தார்கள்.

வேன் நின்றதும் ஆஸிம் பச்சை கேட்டைப் பார்த்தான். கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்கியது. வீடு வாடகைக்கு. அதன் கீழே, சைவம் மட்டும். இருபது நாளைக்கு முன்னால் அவன் பார்த்துவிட்டுப் போன ஒன்பதாவது வீடு அது. ஒன்றும் சொல்லாமல், வேனுக்குள்ளேயே தன் வேற்றுக்கிரக வேஷத்துக்கான நீல முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

மௌனிகாவின் பெரியம்மா லட்சுமியம்மாள் வெளியே வந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதாரு கண்ணு?"

"இவருதான் ஹீரோ பெத்தம்மா. வேற கிரகம்."

"பாவம், வேர்த்துக் கொட்டுமே" என்று உள்ளே போனவள் மோரோடு வந்தாள். முகமூடியில் வாய் இருந்த இடத்தில் சின்ன ஓட்டைதான். மறுபடி உள்ளே போய் உறிஞ்சு குழல் ஒன்று தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆஸிம் உறிஞ்சிக் குடித்தான்.

வீட்டுக்கார அம்மாவாக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல், மேட்டுப்பாளையத்திலிருந்து வர முடியவில்லை என்று போன் வந்தது. மௌனிகா பெரியம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலே வரி பெத்தம்மா. 'உன்ன மாதிரி ஆளுக்கெல்லாம் ஊடு கெடையாது, போ வெளிய'ன்னு சொல்லோணும்."

"ஊடு தேடி வந்தவங்கள ஆராச்சும் அப்படிப் பேசுவாங்களா? என்னால ஆகாது."

"அப்ப நீங்க எப்படிச் சொல்லுவீங்களோ அப்படியே சொல்லுங்க."

அதற்கு ஒப்புக்கொண்டாள். முடியைச் சரிசெய்துகொண்டு கேட்டுக்கு உள்பக்கம் நின்றாள். கேமரா ஓடியது.

"வாங்க, வாங்க. உக்காருங்க. எந்த ஊருங்க உங்களுக்கு?"

"ரொம்பத் தூரமுங்க. நாலு நட்சத்திரம் தாண்டி" என்றான் ஆஸிம்.

"அவ்வளவு தூரமுங்களா? பஸ்ஸெல்லாம் கெடச்சுதுங்களா? நாங்க சைவத்துக்கு மட்டுந்தானுங்க உடறது."

"நாங்க வெயில் மட்டுந்தானுங்க சாப்பிடுவோம்."

லட்சுமியம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "தண்ணி ஒருநாள் உட்டு ஒருநாள்தான் வருமுங்க."

"எங்களுக்குத் தண்ணியே வேண்டாமுங்க."

"ஒறம்பர, சொந்தக்காரங்க அடிக்கடி வருவாங்களோ?"

"எரநூறு வருசத்துக்கு ஒருக்கா வருவாங்க."

வேனோரம் நின்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் ராமுலுவுக்குப் படம் ஓடுவது தெரியாது. வழக்கம்போல, "எவரு?" என்று தெலுங்கில் குரல் கொடுத்தார். யாரது என்று கேட்டால் அவளுக்கு வாயில் தயாராக ஒரு பதில் உண்டு. திரும்பி, குரலைத் தாழ்த்தி, அவளும் வழக்கம்போலச் சொன்னாள்.

"மனோள்ளு காது."

பிறகு இந்தப் பக்கம் திரும்பி, இனிமையாக, "இப்பத்தானுங்க வேற ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டோம். அவங்க வேண்டாம்னா சொல்லி உடறோமுங்க" என்றாள்.

கதைப்படி நீல முகமூடிக்காரர் இப்போது தலை குனிந்து திரும்பிப் போக வேண்டும். ஆஸிம் நகரவில்லை.

"மனோள்ளுன்னா நம்மாளுங்கன்னு அர்த்தமுங்களா, அம்மா? காதுன்னா இல்லைன்னுங்களா?"

லட்சுமியம்மாள் ராமுலு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இருவது நாளைக்கு முன்னாடியும் இதே எடத்துல நின்னுதான் கேட்டனுங்க. அர்த்தம் தெரியாம, கூட வேல செய்யற பொண்ணுகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். அன்னைக்கு முகமூடி இல்லீங்க."

அந்தப் பெண் மௌனிகாதான். அவள் 'கட்' சொல்ல மறந்து நின்றாள். அதற்குள் பக்கத்துக் குடோனில் ஏதோ அவசர ஆர்டருக்குத் தறியை ஓடவிட்டார்கள். டக்கடக்கென்ற சத்தத்தில் அதற்கு மேல் எதுவும் பதிவாகவில்லை.

"இந்த ஊடுதான்னு ஏன் சொல்லல நீயி?" என்று மௌனிகா அவன் காதருகே கத்தினாள்.

"சொல்லியிருந்தா வேற ஊடு தேடியிருப்ப. வெளிச்சம் இங்கதான் நல்லாருக்குது" என்று அவனும் கத்தினான்.

லட்சுமியம்மாள் கிட்டே வந்தாள். "அதைக் கழட்டுங்க கண்ணு." கழற்றினான். முகமெல்லாம் வேர்வை. அடையாளம் தெரிந்தது அவளுக்கு. அன்றைக்கு அவனுக்குத் தண்ணீர் கொடுத்த சொம்புகூட நினைவு வந்தது. உள்ளே அடுப்பில் கோழிக்குழம்பு கொதிக்கிற வாசம் வாசல்வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் யாரும் சைவமில்லை. 'மூஞ்சிக்கு நேரா இல்லீன்னு சொல்ற சங்கடம் இருக்காது பாரு' என்று பலகையில் இரண்டாவது வரியைச் சேர்க்கச் சொன்னவர் ராமுலு.

அவள் இடுப்பிலிருந்து மாடிச் சாவியை எடுத்தாள். "மேல போய்ப் பாத்துட்டு வாங்க."

வெளியே வந்த ராமுலு தெலுங்கில் ஏதோ ஆரம்பித்தார். "தமிழ்லயே சொல்லுங்க" என்றாள்.

"அக்கம்பக்கத்துல கேப்பாங்கன்னு சொன்னேன்."

"கேக்கட்டும். பதிலும் தமிழ்லயே சொல்லிக்கலாம்."

ஆஸிம் மாடிக்குப் போனான். இரண்டு அறை, கிழக்கே ஒரு ஜன்னல், குழாய் ஒழுகவில்லை. கீழே வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

"நிதாகிட்டக் கேட்டுட்டுச் சொல்லி உடறனுங்கம்மா."

லட்சுமியம்மாள் முகம் சுருங்கிவிட்டது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? "நெசமாலுமே சொல்லி உடுவீங்களா?"

"நானு சொன்னா, சொல்லி உடுவனுங்க."

திங்கள் போன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வீடு பார்க்க வந்த வேறு ஒருவரிடம், பேரைக்கூடக் கேட்காமல், "சொல்லிப்போட்டோமுங்க" என்றாள். முதல்தடவையாக அது பொய்யில்லை.

புதன்கிழமை காலையில் நிதாவே பேசினாள்.

"ஏனுங்கம்மா, பலகைல சைவம்னு போட்டிருக்குதாம். நாங்க ஞாயித்துக்கெழம மீன் வாங்குவோமுங்க. பின்னால சங்கடம் வேண்டாம்னு முன்னாலயே சொல்றேன். வெயில் தின்னு எங்களால முடியாதுங்க."

லட்சுமியம்மாள் சிரித்துவிட்டாள். "கெழக்கு ஜன்னலத் தொறந்து வெச்சுக்குங்க அம்மணி. எங்கூட்டுக் கோழி வாசம் மேல வரும், பாத்துக்குங்க."

போனை வைத்துவிட்டு மண்ணெண்ணெய்த் துணியோடு கேட்டுக்குப் போய், பலகையின் இரண்டாவது வரியை அழுத்தித் தேய்த்தாள். பலகையைக் கழற்றவில்லை. படம் முடிகிறவரை தொங்கட்டும் என்று மௌனிகா கேட்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு, தறி ஓடாமல் இருக்கும்போதே மீதியை எடுத்தார்கள். நிதாவும் ஆஸிமின் அண்ணனும் மாடிக்குக் கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் குரலைத் தாழ்த்திச் சொன்ன தெலுங்கு வார்த்தை சரியாகப் பதிவாகியிருக்கவில்லை, மறுபடி சொல்லச் சொன்னால் லட்சுமியம்மாளுக்கு வாயில் வரவே இல்லை. இரண்டு தடவை பாதியில் நின்றாள்.

"தெனம் வர்ற வார்த்ததான" என்றார் ராமுலு உள்ளிருந்து.

"படத்துக்குத்தானுங்க, சொல்லுங்கம்மா" என்றான் முகமூடிக்குள்ளிருந்து ஆஸிம். மூன்றாவது தடவை சொன்னாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. நீல முகமூடிக்காரர் கேட்டுக்குள் வரும்போது பலகையில் இரண்டு வரி. திரும்பிப் போகும்போது ஒரு வரிதான், கீழே வெறும் கறை. எடிட் செய்தவன் ஆஸிம். அவன் கண்ணுக்குத் தப்பியிருக்காது. வெட்டாமல் விட்டுவிட்டான்.