சர்க்கரைக் காயம்

சண்டை மூண்டதும் அந்தப் பள்ளிக்கூடத்தில் முதலில் மாறியது பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லை. மாணவர் குழுக்கள்தான் மாறின. ஆட்டமும் பாட்டும் போதும், இனி எல்லாக் குழுவும் நாட்டுக்கு உபயோகப்பட வேண்டும் என்று பெரிய டீச்சர் காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டார். தோட்டக் குழு விளையாட்டு மைதானத்தைக் கொத்திப் பதுங்குகுழி வெட்டியது. குண்டு அதிர்வில் சிதறாமலிருக்க ஓவியக் குழு ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதம் ஒட்டப் போனது. பாதியில் பசை தீர்ந்தது, கூடவே குழுவின் உற்சாகமும் தீர்ந்தது. சதுரங்கக் குழுவிடம் மணல் வாளிகளைக் கொடுத்தார்கள். ஒரு காயை நகர்த்த அரை மணி நேரம் யோசிக்கிற பிள்ளைகளைத் தீயணைக்கப் போட்டது எந்தப் புண்ணியவானின் யோசனையோ தெரியாது. இசைக் குழுவுக்குக் கைப்பிடி வைத்த அபாயச் சங்கு ஒன்று கிடைத்தது. சுற்றினால் ஊர் அலறும். அவர்கள் வாசித்ததிலேயே சுருதி சேர்ந்தது அது ஒன்றுதான் என்று எல்லாரும் கேலி பேசினார்கள்.

மிச்சம் இருந்தது நாடகக் குழு. முதலுதவிக் குழுவுக்குக் கட்டுப்போட்டுப் பழக ஆள் வேண்டும், ஆனால் காயம்பட்டவர்களை எங்கே போய்த் தேடுவது? நாடகக் குழுவே காயம்படட்டும் என்று முடிவாயிற்று. அதில்தான் சாயத்துக்கு யோகம் அடித்தது.

சாயம் என்பது கடைசி வகுப்புப் பெண் ஒருத்தியின் பட்டப்பெயர். நாடகத்துக்கு முகம் எழுதுவது அவள்தான். ராஜாவுக்கு மீசையும் கிழவிக்குச் சுருக்கமும் வரைந்துகொண்டிருந்தவள் இப்போது காயம் வரைந்தாள். மைதா மாவைக் குழைத்துச் சதை, பழைய பிளாஸ்டிக் அட்டையை வெட்டிக் கண்ணாடிச் சில்லு, பீட்ரூட் சாற்றில் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி ஊற்றி ரத்தம். அவள் போட்ட காயத்தைப் பார்த்து வாட்ச்மேனே ஒருமுறை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்கச் சாயத்துக்குத் தரையில் கால் பாவவில்லை.

வீட்டில்தான் அர்ச்சனை. "டீக்குச் சர்க்கரை இல்லாம நாங்க அல்லாடறோம், உனக்கு ரத்தத்துக்குச் சர்க்கரை கேக்குதா?" என்றாள் அம்மா. சாயம் சர்க்கரை டப்பாவை வழித்து எடுத்துக்கொண்டு போனாள்.

பெரிய ஒத்திகை நாளன்று அவளுடைய தங்கையும் நடிக்க வந்தாள். எட்டாம் வகுப்பு. ஊரே அவளை வாலு என்றுதான் கூப்பிடும், கூப்பிடுவதில் தப்பும் இல்லை. இரண்டு நிமிஷம் ஓரிடத்தில் இருக்கமாட்டாள். முழங்காலில் மாவை அப்பிச் சில்லைச் செருகுவதற்குள் சாயத்துக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

"ஆடாதடி. ரத்தம் வழியுது."

"எறும்பு கடிக்குதுக்கா. உன் ரத்தத்துக்கு கிரிக்கெட் மேட்ச் பாக்க வந்த மாதிரி கூட்டமா வருது."

"வந்தா வரட்டும். இங்க பாரு, ஐயோ அம்மான்னு கத்தக் கூடாது. 'தண்ணி, தண்ணி'ன்னு மெதுவா முனகணும். வேற ஒரு வார்த்தை பேசாத."

"எனக்குத் தாகமே இல்லையே?"

"சாகக் கெடக்கறவளுக்குத் தாகம் எடுக்கும். வாயை மூடு."

நாடகக் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. நாடக மாஸ்டர் விசில் ஊதும்வரை, கூரையே இடிந்து விழுந்தாலும் நடிப்பை விடக் கூடாது. விட்டவர்கள் மாதம் முழுக்க மேடையைப் பெருக்க வேண்டும். வாலு போன மாதமும் பெருக்கினாள், அதற்கு முந்தின மாதமும் பெருக்கினாள். இந்தத் தடவை பெருக்கமாட்டேன் என்று அக்காவிடம் பந்தயம் கட்டியிருந்தாள். வெளிச்சம் விழட்டும், காயம் எடுப்பாகத் தெரியட்டும் என்று சாயம் அவளைக் கூடத்தின் கோடியில், காகிதம் ஒட்டாத பெரிய ஜன்னலுக்கு அடியில் படுக்க வைத்தாள்.

ஒத்திகை நன்றாகத்தான் நடந்தது. இசைக் குழு சங்கைச் சுற்றியது. சின்ன வகுப்புகள் குழிக்குள் இறங்கின. முதலுதவிக் குழு தூக்குக்கட்டிலோடு ஓடி வந்தது. அதன் தலைவனைப் பஞ்சு என்பார்கள், ரத்தம் பார்த்தால் அவனுக்கே கை நடுங்கும். அந்த நேரத்தில் சங்கு மறுபடியும் ஊதியது.

கூடமே சிரித்தது. "இவங்களுக்கு எப்பவும் ஒரு சுத்து அதிகம்தான்," என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் அவர்களை அதட்டப் போனார். விசில் அவர் கழுத்தில் தொங்கியது, அவரோடு அதுவும் போய்விட்டது.

ஊதியது இசைக் குழு இல்லை, ஊர்ச் சங்கு. அது தெரிவதற்குள் பின் தெருவில் குண்டு விழுந்தது.

சத்தம் கேட்ட ஞாபகம் சாயத்துக்கு இல்லை. எழுந்தபோது வாயெல்லாம் மண். கூடத்தில் பகல் எங்கே போனதென்று தெரியவில்லை. காதுக்குள் ஒரே இரைச்சல். கால் இடறியது வாளியா ஆளா? யாரோ அழுதார்கள், யாரோ சிரித்த மாதிரியும் இருந்தது. காயம்பட்டவர்கள் மட்டும் ஒழுங்காக முனகிக்கொண்டு கிடந்தார்கள். விசில்தான் இன்னும் ஊதவில்லையே!

தெருவுக்கு வந்த ஆம்புலன்ஸிலிருந்து ஒரு நர்ஸ் உள்ளே ஓடிவந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். திரும்பிய பக்கமெல்லாம் ரத்தம். "கடவுளே, இவ்ளோ பேரா? வண்டியில நாலு பேருக்குத்தான் இடம் இருக்கு. யாரை முதல்ல தூக்கறது?"

"பாதி நடிப்புங்க," என்றான் பஞ்சு. "எது எதுன்னு எனக்குத் தெரியல." அதைச் சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியும்," என்றாள் சாயம். "நான்தான் போட்டேன்."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, முதல் ஆளிடம் குனிந்ததும் அவளுக்கே குழம்பியது. எல்லார்மேலும் புழுதி. பாகும் ரத்தமும் புழுதியில் ஒரே நிறம். எந்த நெற்றிக்கு எந்தக் காயம் போட்டோம் என்பதும் மறந்து தொலைந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இனித்தது.

"இது என்னுது."

அடுத்தவனும் இனித்தான். "இதுவும் என்னுது." வாசலோரம் கிடந்த சதுரங்கக் குழுப் பையனின் கன்னத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. "இது என்னுது இல்ல. தூக்குங்க, தூக்குங்க!" நர்ஸ் ஒன்றும் கேட்காமல் அவள் பின்னாலேயே வந்தாள்.

ஜன்னலுக்கு அடியில் வாலு கிடந்தாள். அவளைச் சுவைத்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. முழங்காலில் மாவுச் சதை அப்படியே இருந்தது, செருகிய பிளாஸ்டிக் சில்லு அப்படியே நின்றது. சாயத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அக்கா," என்றாள் வாலு மெதுவாக. "என் செருப்பு எங்க? அம்மா திட்டுவாங்க."

"வசனத்தை மாத்தாதடி," என்று சாயம் அதட்டினாள். பிறகு நர்ஸைப் பார்த்து, "இது என்னுது," என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

இன்னும் இரண்டு பேர் இனித்தார்கள். இரண்டு பேர் கரித்தார்கள், அவர்களையும் தூக்கினார்கள். வண்டி நிறைய ஒரே ஓர் இடம்தான் பாக்கி. சாயத்தின் நாக்கில் இனிப்பும் மண்ணும் உப்பும் கலந்து கிடந்தன. கையைப் பாவாடையில் துடைத்தாள். ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை.

குண்டு விழுந்தால் முதலில் துள்ளி எழுந்து வேடிக்கை பார்க்க ஓடுகிறவள் யார்? விசிலாவது சட்டமாவது! எறும்பு கடித்ததற்கே அத்தனை ஆட்டம் ஆடியவள், பந்தயம் கட்டினாள் என்பதற்காக இவ்வளவு நேரம் அசையாமல் கிடப்பாளா?

சாயம் திரும்பி ஓடினாள். சில்லைத் தொட்டு நாக்கில் வைத்தாள், இனித்தது. மாவைத் தொட்டாள், அதுவும் இனித்தது. பிறகு முழங்காலுக்கு அடியில் கையை விட்டாள். பாவாடையும் தரையும் வெதுவெதுப்பாக நனைந்திருந்தன. நிஜமான கண்ணாடி ஒன்று முழங்காலின் பின்பக்கத்தில் ஏறியிருந்தது. விரலை நாக்கில் வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் வைத்தாள்.

"என்னுது இல்ல!" என்று வீறிட்டாள். "நர்ஸம்மா, இது என்னுது இல்ல, நான் தப்பா சொல்லிட்டேன்!"

நர்ஸ் தொடையை இறுக்கிக் கட்டினாள், பஞ்சு தூக்குக்கட்டிலைப் பிடித்தான். வாலுவின் முகம் மாவைவிட வெளுத்திருந்தது.

"அக்கா, விசில் ஊதிட்டாங்களா?"

"ஊதியாச்சுடி கண்ணு. எப்பவோ ஊதியாச்சு. இனிமே கத்தலாம். நல்லா கத்து, ஊருக்கே கேக்கற மாதிரி கத்து."

வாலு கத்தவில்லை. அக்காவைப் பார்த்து, "தண்ணி," என்று முனகினாள். "தண்ணி."

வண்டியின் கதவு மூடும்வரை சாயம் கூடவே ஓடினாள். அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் தங்கை முனகினாள், ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது வசனமா, தாகமா என்று சாயத்துக்குத் தெரியவில்லை.