வாவிக்காற்று வரும் யன்னல்

வாவி சூழ்ந்த புளியந்தீவில் நாங்கள் இருக்கும் பழைய வீடு என் மனைவி அஞ்சலாவுக்குச் சீதனமாக வந்தது. ஆனால் யாராவது பார்க்க வந்தால், நானே கல் சுமந்து கட்டியதைப் போலப் பேசுவேன்.

சென்ற கிழமை கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் ஆறு பேர் வந்தார்கள். இரண்டடிச் சுண்ணாம்புச் சுவரைத் தட்டிக் காட்டினேன். உயர்ந்த ஓட்டுக்கூரையையும் காட்டினேன்.

"வாவிக்காத்து ஒரு யன்னலால வந்து மற்ற யன்னலால போகும். அந்தக் காலத்து ஆக்களுக்கு அது தெரிஞ்சிருக்கு. இப்ப கட்டுறதெல்லாம் வீடா? நெருப்பு மூட்டின போறணை," என்றேன்.

வெளியே வந்ததும் ஒரு மாணவி சுவரைப் பார்த்தாள். "சேர், இந்த யன்னலை மட்டும் ஏன் கல் வச்சு அடைச்சிருக்கு?"

"அது வெள்ளைக்காரன் காலத்து வேலை, பிள்ளை."

பூசிய சீமெந்தின் நிறம்கூட இன்னும் மாறியிருக்கவில்லை.

தேநீர்த் தட்டோடு வந்த அஞ்சலா நின்றாள். "போன வெயிலுக்கு இவர்தான் அடைப்பிச்சவர். படுக்கிற அறை ஏசிக் குளிர் வெளிய போகுதாம்."

மாணவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

இயற்கைக் காற்றோட்டம் பற்றிய மீதி உரையை என் படுக்கையறையில், கதவை இறுகச் சாத்திவிட்டு நிகழ்த்தினேன். கடைசிவரை ஒருவரும் எழுந்து போகவில்லை.