அல்சாசுக்கு மூன்று இரவு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி வைத்த கையோடு சுவர்ணா மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் திறந்தாள். அறை இன்னும் இருந்தது. பிரான்சின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸ் பகுதியில், கொல்மார் நகரத்துக்குச் சற்று வெளியே, மரச்சட்டம் போட்ட பழைய வீடொன்றின் மேல்மாடி. மூன்று கட்டில்கள். ஜன்னலைத் திறந்தால் திராட்சைத் தோட்டம் வரிவரியாகச் சரிவில் ஏறிப் போகும். மே மாத நீண்ட வார இறுதிக்கு அந்த ஊரில் மிச்சமிருந்த கடைசி அறை அதுதான். பின்னேரம் ஆறு மணி வரைக்கும் உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று வீட்டுக்காரி எழுதியிருந்தாள்.

சுவர்ணா ஜன்னல் படத்தைப் பெரிதாக்கினாள்.

"அம்மா, காலமையிலயிருந்து ஒன்பதாம் தரம். அந்த ஜன்னல் ஓடாது. ஜஸ்ட் புக் இட்," என்றாள் மகள் ஜதுர்ஷிகா, சோபாவில் காலை நீட்டியபடி.

"அப்பா வரட்டும்."

"அப்பா தோட்டத்துக்கை போய் ஒளிச்சிருக்கிறார். ஏதோ செய்துபோட்டார். முகத்தைப் பார்க்கவே தெரியுது."

சுவர்ணா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்பத்தொன்பது வயதில், சுற்றுலாவுக்குப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து இருந்தாள்.

அவர்கள் குடியிருக்கிற மோர்டனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பதினொரு வருடமாக வைன் வரிசையை அடுக்குகிறவள் அவள். ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. ஆனால் அல்சாஸ் போத்தல்களை ஒல்லி உடம்பையும் நீண்ட கழுத்தையும் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். அதில் ஒன்றின் லேபிளில் ஒரு சின்ன ஊர் இருந்தது: மணிக்கூண்டு, செங்குத்தான கூரைகள், பின்னால் பச்சை மலை. காலை ஷிப்டில் முதல் வேலையாக அந்த ஊரை முன்பக்கம் திருப்பி வைப்பாள். காரச் சாப்பாட்டோடு எது சேரும் என்று யாரும் கேட்டால், தயங்காமல் அந்தப் போத்தலை எடுத்துக் கொடுப்பாள். "இது கொஞ்சம் இனிப்பு. லைச்சிப் பழ மணம் வரும்." பயிற்சி அட்டையில் இருந்ததைப் பாடமாக்கியது. பிறகு அவர்கள் திரும்பி வந்து, நீ சொன்னது மிகச் சரி என்று நன்றி சொல்லும்போது அவளுக்கு உள்ளே கூசும். தான் காணாத ஒன்றுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பது போல.

அந்த மணத்தைத் தன் மூக்காலேயே ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். அந்த ஊரில் வைத்தே. இந்த ஆசை எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியாது. தை மாதம் ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் விளங்கியது, தனக்கென்று ஓர் ஊரை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை என்று.

அவள் ஐரோப்பா பார்க்காதவள் அல்ல. டோட்முண்டில் ஒரு பிறந்தநாள், பேர்னில் இரண்டு கலியாணம், ஒஸ்லோவில் ஒரு செத்தவீடு. எங்கே போனாலும் யாரோ ஒருவரின் சோபா, யாரோ ஒருவரின் குசினி, யாரோ ஒருவரின் வீடியோக் கசெட். பாரிசுக்கு ஆறு தடவை போயிருக்கிறாள். அங்கே ஈபிள் கோபுரத்தை நன்றாகப் பார்த்தது கணவன் நிசாந்தனின் அக்கா லலிதாவின் பிரிட்ஜ் கதவில், காந்தத்தில்.

அதனால்தான் இந்தப் பயணத்தை மூன்று பேருக்குள் வைத்திருந்தார்கள். ரயில் பாரிசில் மாற வேண்டும். ஒரு ஸ்டேசனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்து மற்ற ஸ்டேசனில் ஏற வேண்டும். இரண்டுக்கும் பக்கத்திலேயே தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல், அங்கே லலிதா மச்சாளின் வீடு. வாசலைக் கடந்து போய்ச் சாப்பிடாமல் வந்தார்கள் என்ற கதை மூன்று நாடுகளுக்குப் பரவ ஒரு மணித்தியாலம் போதும்.

பின்கதவு திறந்தது. நிசாந்தன் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றான்.

"சுவர்ணா, கோவிக்கப்படாது. அக்காட்ட சும்மா ஒரு விசயம்தான் கேட்டனான். பெட்டியளோட ஸ்டேசன் மாறுறதுக்கு எந்த றோட்டு லேசு எண்டு."

சுவர்ணா அவனைப் பார்த்தாள்.

"அப்பா!" என்று எழுந்தாள் ஜதுர்ஷிகா. "கூகிள் மேப் எண்டு ஒண்டு இருக்கு!"

"அக்கா அங்க இருக்கேக்கை மேப்பிட்டையே கேக்கிறது? பிறகு அவ ஏன், எப்ப, எத்தினை பேர் எண்டு கேட்டா. நான் சொல்லிப்போட்டன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் சுவர்ணாவின் கைபேசி மேசையில் அதிர்ந்தது. வீடியோ அழைப்பு. திரை நிறைய லலிதா.

"என்ன சுவர்ணா, களவாப் போகப் பார்த்தனீரோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "எல்லாம் ஒழுங்கு பண்ணிப்போட்டன். வெள்ளி எங்கட வீடு. சனி சித்தப்பா வீடு, அந்தாளுக்கும் சுகமில்லை, பார்க்கத்தானே வேணும். ஞாயிறு வேணுமெண்டா அந்தத் திராட்சை ஊருக்கு விடிய வெளிக்கிட்டு ஒரு எட்டுப் போட்டு வாங்கோ. இறைச்சிக்கு இப்பவே சொல்லி வைச்சிட்டன்."

"ஓம் மச்சாள்" என்ற சொல் சுவர்ணாவின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இருபத்திமூன்று வருடமாக அங்கே குடியிருக்கிற சொல். அவள் தேடாமலே வரும். சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. நிசாந்தன் மூச்சு விடுவான். நாளைக் காலை ஷிப்டில் அந்தச் சின்ன ஊரைத் திருப்பி வைத்துவிட்டு, லைச்சி மணம் என்று அடுத்த ஆளுக்கும் சொல்லலாம்.

"மச்சாள்," என்றாள். "இந்த முறை வீட்டுக்கு வர ஏலாது."

நிசாந்தன் முகட்டைப் பார்த்தான்.

"ஏன்? என்ர வீட்டில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. அங்க வந்தா நான் உங்களோட குசினிக்கை நிண்டு கதைச்சுக்கொண்டே மூண்டு நாளையும் முடிச்சிடுவன். எனக்கு அது விருப்பமும்தான். ஆனா இந்த மூண்டு நாளும் எனக்கு அந்த ஊரில நிக்கோணும்."

"அங்க என்ன கிடக்கு? கோயிலே?"

சுவர்ணா கைபேசியைத் திருப்பி மடிக்கணினித் திரைக்கு முன்னால் பிடித்தாள். "இந்த ஜன்னல் கிடக்கு மச்சாள்." பதினொரு வருடப் போத்தல்களை, லேபிளை, தான் சொல்லிக்கொண்டிருக்கிற மணத்தை, ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொன்னாள். இவ்வளவு நீளமாக மச்சாளோடு தன்னைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

கைபேசியைத் தன் பக்கம் திருப்பினாள். லலிதா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா காட்டும்."

காட்டினாள்.

"இது பாரிசில இருந்து எவ்வளவு தூரம்?"

"ரெயிலில ரெண்டரை மணித்தியாலம்கூட இல்லை."

"இருபத்தெட்டு வருசமா இஞ்ச இருக்கிறன். ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை." லலிதா கண்ணாடியைக் கழற்றினாள். குரல் பழையபடி ஏறியது. "சரி. ஸ்டேசனில எவ்வளவு நேரம் நிப்பீங்கள்?"

"ஒண்டரை மணித்தியாலம்."

"அது காணும். புட்டும் இறைச்சியும் கட்டிக்கொண்டு நான் அங்க வாறன். ரெயிலுக்கை மணக்குது எண்டு உம்மட மேள் மூஞ்சியைச் சுழிக்கப்படாது."

"மாமி, நான் எல்லாத்தையும் சாப்பிடுவன்!" என்று கத்தினாள் ஜதுர்ஷிகா.

"வீட்டுக்கு வரேல்லை எண்டதை நான் மறக்கமாட்டன், சொல்லிப்போட்டன். ஓகஸ்டில வந்து ஒரு கிழமை நிக்கோணும்."

"ஓம் மச்சாள்," என்றாள் சுவர்ணா. இந்த முறை அந்தச் சொல்லை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

மணி ஐந்து பத்து. நிசாந்தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "கோயிலுக்கு விரதம் பிடிக்கிற மனிசி வைன் குடிக்கப் போறா," என்றான்.

"மணந்துதான் பார்ப்பன். ஒரு வாய் உள்ளுக்குப் போனா அது என்ர பிழையில்லை."

பொத்தானை அழுத்தினாள். வட்டம் ஒன்று சுற்றியது, நின்றது. அறை அவர்களுடையது. ஜதுர்ஷிகா பின்னாலிருந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தான் எழுதி வைத்திருந்த நாலு பக்கப் பயணத் திட்டத்தை எடுத்து, இரண்டு ரயில்களுக்கும் நடுவில் 'மச்சாள், புட்டு' என்று சுவர்ணா எழுதினாள். குளிர் உடுப்பு, குடை, நல்ல சேலை ஒன்று. திராட்சைத் தோட்டத்துக்குச் சேலை எதற்கு? தெரியாது. கொண்டுபோகத்தான் போகிறாள்.

கைபேசி ஒலித்தது. லலிதாவின் குரல் செய்தி. சுவர்ணா அவசரத்தில் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"சுவர்ணா, அந்த லைச்சி மணம் உண்மையோ எண்டு பார்த்து எனக்கும் சொல்லும். சின்னப் போத்தல் ஒண்டு கொண்டு வந்தாலும் பறவாயில்லை. தம்பிக்குச் சொல்லாதேயும்."

நிசாந்தன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். "நான் கேக்கேல்லை," என்றான்.